வம்பமாரி: கீழ்மலையில் ஒரு மாசி வாரம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டது தமிழ் மரபு. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. எஞ்சிய நான்கு திங்களும் இளவேனிலும் முதுவேனிலும். இப்பகுப்பில் மழைக்கு உரியனவாக நிற்பவை காரும் கூதிருமே. பின்பனி என்ற பெயரைக் கேட்டதும் உள்ளத்தில் எழுவது விடியற்காலத்துப் பனிமூட்டமும், உச்சிப் பொழுதின் தெளிந்த வெயிலும், உலர்ந்த காற்றும்தான். அங்கே மழைக்கு இடமில்லை.

எனினும் மலைநாட்டில் மாசித் திங்களில் மழை பெய்வதுண்டு. சில ஆண்டுகளில் அது ஒரு மாலைத் தூறலோடு போய்விடும். சில ஆண்டுகளில் முற்றிலும் பொய்த்துவிடும். சில ஆண்டுகளில் ஒரு வாரம் முழுவதும் பிடித்துக்கொண்டு விடாமல் பெய்யும். பருவத்திற்கு உரியதல்லாத இத்தகைய மழைக்குச் சங்கப் புலவர் ஒரு பெயர் வைத்திருந்தனர். வம்பமாரி என்பது அப்பெயர். வம்பு என்னும் சொல் இன்று சண்டைக்கும் வீண்பேச்சுக்கும் மட்டுமே பயன்படுகிறது. அன்று அதற்கு நிலையின்மை, புதுமை என்னும் பொருள்கள் இருந்தன. நிலையற்றதாய், எதிர்பாராததாய் வந்து போகும் மழை வம்பமாரி.

அத்தகைய மழை பெய்யும் ஒரு வாரம் ஒரு மலைச்சிற்றூரில் என்ன செய்கிறது, அதிலிருந்து கவிதை எழுதுவோர் அறிந்துகொள்ளத்தக்கது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

கீழ்மலை

திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி மலைத்தொடர் மேல்மலை, கீழ்மலை என இரு கூறாக வழங்கப்படுகிறது. கொடைக்கானலும் அதற்கு அப்பால் உள்ள பூம்பாறை, மன்னவனூர், பூண்டி முதலிய ஊர்களும் மேல்மலை. அவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தை ஒட்டியவை. அங்கே விளைவன பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும். அதற்குக் கிழக்கே, மலை தாழ்ந்து சமவெளியை நோக்கி இறங்கும் சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் என்னும் ஊர்கள் உள்ளன. இவை கீழ்மலை. இங்கே விளைவன காப்பியும் மிளகும் மலைவாழையும் ஆரஞ்சும். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியில் இயங்குகிறது. விளைந்த காப்பி மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டிக்கு இறங்கிச் செல்கிறது.

கொடைக்கானலுக்குச் செல்வோரில் பலர் கீழ்மலையைப் பார்ப்பதில்லை. ஏரியும் பள்ளத்தாக்கு முனைகளும் அவர்களை இழுத்துக்கொள்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கும்போது கவிஞரும் மலையேறுகின்றனர். 2018இல் அவ்வாறு பூத்தது. ஆனால் ஆண்டுதோறும் மாசி, பங்குனித் திங்களில் இதே மலையின் கீழ்ச்சரிவில் மற்றொரு பூ காடு முழுவதும் வெண்மையாக விரிந்து, மூன்று நாளில் கருகிவிடுகிறது. அதைக் காண எவரும் வருவதில்லை. காப்பிப் பூ அது. அப்பூவைப் பூக்கச் செய்வதும் கெடுப்பதும் பின்பனிக் காலத்து மழையே.

இம்மழை எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிதல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் மார்கழி முடிவிற்குள் ஓய்ந்துவிடும். அதன் பின்னர் வரும் சனவரியும் பிப்ரவரியும் தமிழ்நாட்டில் மழை மிகக் குறைந்த திங்கள்கள். வானிலைத் துறையினர் இவ்விரண்டையும் குளிர்காலம் என்றே கணக்கிடுகின்றனர். எனினும் கிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்றில் எழும் அலை ஒன்றோ, இலங்கைக்கும் குமரிக்கடலுக்கும் அருகே தோன்றும் தாழ்வுப் பகுதி ஒன்றோ வழிதவறியது போல வந்து சேர்வதுண்டு. அந்த ஈரக்காற்று கீழ்மலையின் கிழக்குச் சரிவில் முட்டி மேலெழும்போது குளிர்ந்து மழையாகிறது. இம்மழையில் இடி குறைவு, மின்னல் குறைவு. சாம்பல் நிறத்து வானத்திலிருந்து தூறலும் சாரலுமாக இரவு பகல் பாராமல் இறங்கும். பங்குனியின் பிற்பகுதியில் பிற்பகல் நேரத்தில் இடியோடு கொட்டி ஒரு நாழிகையில் ஓயும் கோடைமழை வேறு, இது வேறு. இரண்டையும் மழை என்னும் ஒரே சொல்லால் குறிப்பது மலைவாழ்நருக்குப் போதாது.

களத்தில்

மாசி பிறக்கும் பொழுது கீழ்மலையின் களங்களில் வேலை முடிந்திருக்காது. காப்பிப் பழத்தின் கடைசிப் பறிப்பு அப்போதுதான் நிறைவெய்தியிருக்கும். பறித்த பழத்தை அப்படியே உலர்த்துவாரும் உளர். தோலை நீக்கிக் கழுவி உலர்த்துவாரும் உளர். எவ்வாறு செய்யினும் வெயில் வேண்டும். மிளகோ அப்போதுதான் கொடியிலிருந்து இறங்கத் தொடங்கும். முள்முருங்கையிலும் சில்வர் ஓக் மரத்திலும் ஏறிய கொடிகளில் ஏணி சாத்திப் பறித்த பச்சைக் கதிர்களை உதிர்த்து, களத்தில் பரப்பி, ஐந்தாறு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால்தான் மிளகு கறுத்துச் சுருங்கிக் கல்லென இறுகும்.

மழை வரும் நாளில் முதலில் தெரிவது காற்றின் திசைமாற்றம். பிறகு கீழே சமவெளி மறையும். மலையடிவாரத்து ஊர்களின் விளக்குகள் முதல் நாள் இரவே தெரியாமற்போகும். விடியற்காலையில் தூறல் விழும்போது வீட்டில் உள்ளோர் அனைவரும் களத்திற்கு ஓடுவர். மிளகைக் குவித்துத் தார்ப்பாய் இட்டு மூடி, ஓரங்களில் கல் வைப்பர். முதல் நாள் அதனால் கேடில்லை. இரண்டாம் நாள் தார்ப்பாயின் அடியில் கையை நுழைத்துப் பார்த்தால் குவியல் வெதுவெதுப்பாக இருக்கும். ஈரமுள்ள விளைபொருள் காற்றின்றிக் குவிந்து கிடந்தால் தானே சூடேறும். மூன்றாம் நாள் அதனை வீட்டிற்குள் அள்ளிவந்து, உறங்கும் இடத்தை ஒதுக்கி, தரையில் பரப்புவர். அடுப்பின் புகையும் மிளகின் காரமும் ஈரச் சாக்கின் நெடியும் ஒன்றாகிவிடும். நான்காம் நாளில், இன்னும் கறுக்காத மணிகளின் மேல் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சணம் படரும். அந்த மிளகைக் கழுவியும் துடைத்தும் காயவைத்தாலும் முன்போன்ற விலை கிடைப்பதில்லை. ஓராண்டு பேணிய கொடியின் பயன் நான்கு நாளில் குறைந்துவிடுகிறது.

செடியிலேயே தங்கிவிட்ட கடைசிப் பழங்கள் மழையில் வெடித்து உதிரும். மண்ணோடு கலந்ததைப் பொறுக்குவோர் பொறுக்குவர். நிலமற்ற கூலியாட்களுக்கு இவ்வாரத்தின் பொருள் இன்னும் எளிது. தோட்டத்தில் வேலையில்லை என்றால் அன்றைய கூலியில்லை. ஏழு நாள் மழை என்பது ஏழு நாள் கூலி. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் இட்டுக்கொண்டு விறகு தேடிச் செல்லும் பெண்ணுக்குக் காட்டில் உலர்ந்த சுள்ளி கிடைக்காது. கடைக்குப் போனால் கடன் கேட்க வேண்டும்.

மேல்மலையில் இவ்வாரம் மற்றொரு வகையில் நிகழும். அங்கே தையிலும் மாசியிலும் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி இறங்கிப் பயிரைக் கருக்கும். மேகம் மூடிய இரவில் நிலத்தின் வெப்பம் மேலே போய்விடாமல் தடுக்கப்படுவதால் உறைபனி இறங்காது. ஆகவே மழை பெய்யும் வாரம் முழுவதும் உருளைக்கிழங்குச் செடிக்கு அந்த அச்சம் இல்லை. மனிதர்க்கோ குளிர் கூடியது போலத் தோன்றும். வெப்பமானியைப் பார்த்தால் இரவின் குளிர் உண்மையில் குறைந்திருக்கும். குறைந்தது பகலின் வெயில்தான். ஈரமான உடையும் ஈரமான சுவரும் அக்குளிரைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. மழை நின்று வானம் வெளுக்கும் முதல் இரவில்தான் மேல்மலை உழவர் மீண்டும் உறைபனியை எண்ணி விழித்திருப்பர்.

கிளையில்

களத்தில் நிகழ்வது இழப்பு. அதே நாளில், அதே தோட்டத்தில், களத்திற்குப் பத்தடி தொலைவில் நிற்கும் காப்பிச் செடியின் கிளையில் நிகழ்வது வேறு.

காப்பிச் செடி தன் பூவைப் பூக்கும் காலத்தில் உருவாக்குவதில்லை. முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே இலைக்கோணங்களில் மொட்டுகள் தோன்றிவிடுகின்றன. சிறிது வளர்ந்த பின் அவை வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்குகின்றன. மழையற்ற தையும் மாசியும் அவ்வுறக்கத்தின் காலம். இவ்வறட்சி செடிக்குத் துன்பம் போலத் தோன்றினும் அது வேண்டப்படும் துன்பமே. மொட்டுகள் அனைத்தும் ஒருங்கே முதிர்வதற்கு அவ்வறட்சி உதவுகிறது. பிறகு ஒரு நல்ல மழை வேண்டும். ஏறத்தாழ 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை பெய்தால் மொட்டுகள் விழிக்கின்றன. விழித்தவை உடனே மலர்வதில்லை. அராபிகா வகையில் ஒன்பது, பத்து நாள் கழித்தே பூ விரியும். அந்நாளின் காலையில் கிளைகள் நெடுகப் பனி படிந்தது போல வெண்மை நிறைந்திருக்கும். மல்லிகையை ஒத்த மணம் ஊருக்குள் வரும். தேனீக்கள் இரைச்சலிடும். இரண்டு மூன்று நாளில் இதழ்கள் பழுப்பேறி உதிர்ந்துவிடும். அதன் பின் காய் தங்குவதற்கு மேலும் ஒரு மழை சில வாரங்களில் வர வேண்டும்.

மழை குறைவாகப் பெய்தால் மொட்டு அரைகுறையாக விழித்து, முழுதும் விரியாமல் நின்றுவிடும். முன்னதாகவே, தையில் பெய்துவிட்டால் முதிர்ந்த மொட்டுகள் மட்டும் விழிக்கும். ஏனையவை பின்வரும் மழைக்குக் காத்திருக்கும். அவ்வாண்டு ஒரே செடியில் பூ இரண்டு மூன்று முறை வரும். பழமும் இரண்டு மூன்று முறை பழுக்கும். ஒரே பறிப்பில் முடியவேண்டிய வேலை பல பறிப்பாக நீளும். கூலிச் செலவு கூடும். பூ விரிந்த நாளில் மழை பெய்துவிட்டாலோ மகரந்தம் கழுவுண்டு போகும். அப்பூ காயாவதில்லை.

ஆகவே மாசியில் பெய்யும் மழையின் அளவு மட்டும் போதாது. அதன் நீளமும் கணக்கிடப்படுகிறது. முதல் நாள் மழையில் மொட்டு விழித்ததென்றால் பூ விரியும் நாள் ஒன்பதாவதோ பத்தாவதோ ஆகும். மழை ஏழாம் நாள் ஓய்ந்தால் எட்டாம் நாள் வெயிலடிக்கும். பூ உலர்ந்த காற்றில் விரியும். அதே மழை மேலும் மூன்று நாள் நீண்டால் தான் எழுப்பிய பூவைத் தானே அழித்துவிடும். ஒரு வாரம் என்பது கீழ்மலையில் வாழ்வுக்கும் கேட்டிற்கும் இடையே கிடக்கும் எல்லை.

களத்தில் மிளகு கெடுவதைக் காணும் உழவரே கிளையில் மொட்டு பருப்பதையும் காண்கிறார். மழை நிற்க வேண்டும் என்று களத்தில் நின்று வேண்டுபவரும், மழை போதிய அளவு பெய்ய வேண்டும் என்று செடியருகே நின்று வேண்டுபவரும் ஒருவரே. இம்மழையை வாழ்த்துவதா, சபிப்பதா என்று அவரைக் கேட்டால், இன்று எத்தனையாவது நாள் என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும்.

கொன்றையும் காப்பியும்

இவ்விடத்தில் குறுந்தொகையின் 66ஆம் பாடல் நினைவுக்கு வருதல் இயல்பு. கார்ப்பருவத்தில் திரும்புவதாகச் சொல்லிப் பிரிந்த தலைவன் இன்னும் வரவில்லை. மழை பெய்துவிட்டது. கார்காலத்து மலரான கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழியோ கொன்றை மரங்களை அறிவற்றவை என்கிறாள். வம்பமாரியைக் கார்மழை என்று கருதி அவை பூத்துவிட்டன. பருவம் இன்னும் வரவில்லை என்பது அவள் சொல்லும் ஆறுதல்.

பாடலோடு வழங்கும் துறைக்குறிப்பு, பருவம் கண்டு வருந்திய தலைவியைப் பருவம் அன்று என்று கூறித் தோழி ஆற்றுவித்ததாகச் சொல்கிறது. அப்படியானால் வந்தது உண்மையான கார்தான். மரம் ஏமாறவில்லை. ஏமாற்றுபவள் தோழி. அன்பின் பொருட்டு அவள் உண்மையான மழையைப் பொய்மழை என்கிறாள். வம்பமாரி என்பது அங்கே ஓர் இரக்கமுள்ள பொய்.

அந்தப் பொய் பொய்யாக விளங்குவதற்கு ஒன்று தேவை. கார் எப்போது வரும் என்பது தலைவிக்கும் தோழிக்கும் அப்பாட்டைக் கேட்போர்க்கும் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். பருவம் உறுதியாக இருந்ததால்தான் பருவத்தை மறுக்கும் சொல்லில் கவிதை பிறந்தது. தேதி தெரிந்த இடத்தில்தான் தேதியை மாற்றிச் சொல்வதற்குப் பொருள் உண்டு.

கீழ்மலையின் காப்பிச் செடி அந்தக் கொன்றையின் நிலையில் நிற்கிறது. ஆனால் இங்கே தோழி சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. தையில் பெய்யும் மழையைக் கேட்டுப் பாதி மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. செடியை அறிவற்றது என்று சொல்லவும் இயலாது. அதனிடம் நாட்காட்டி இல்லை. வறட்சிக்குப் பின் வரும் நீரும் திடீர்க் குளிர்ச்சியுமே அது அறிந்த பருவம். அவை வந்ததும் அது தன் கடமையைச் செய்கிறது. ஆறுதல் சொல்ல அங்கே தோழி எவருமில்லை.

மாசி மழை எக்காலத்திலும் இருந்ததே. ஓர் ஆண்டின் மழையைக் காட்டிக் காலமே மாறிவிட்டது என்று முடிவு கட்டுதல் முறையன்று. எனினும் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஒதுக்கிவிடவும் இயலாது. 2021 சனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பெருமழை பெய்து தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. கருநாடகத்துக் குடகிலும் அந்தத் திங்களின் மழை காப்பி அறுவடையைப் பாழாக்கியது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கையைக் கடந்த தாழ்வு மண்டலத்தால் காவிரிப் படுகையில் மழை பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்தன. வெப்பமுற்ற காற்று மிகுதியான ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். ஒரு பாகை வெப்பம் உயர்ந்தால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைக் காற்று கொள்ளும். பெய்யும்போது அது மிகுதியாகப் பெய்வதில் வியப்பில்லை.

பூ ஒரு நாழிகை வட்டில்

நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்காலத்து மழையைக் கூறும் பாட்டு. மழை தாங்காமல் கோவலர் தம் நிரைகளோடு மேட்டுநிலம் சேர்தல், விலங்குகள் மேய்ச்சலை மறத்தல், பறவைகள் மரத்திலிருந்து வீழ்தல், கறவைகள் பாலுண்ண வரும் கன்றை உதைத்தல் என அதன் தொடக்கம் நுணுக்கமான காட்சிகளால் நிறைந்தது. அவற்றுள் ஒன்று பெரிதும் எண்ணத்தக்கது. வானம் மூடிக் கிடப்பதால் மாலை வந்ததா இல்லையா என்பது நகரத்து மகளிர்க்குத் தெரியவில்லை. தட்டில் இட்டுவைத்த பித்திக அரும்புகள் கட்டவிழ்ந்து மணக்கும்போதுதான் மாலைப்பொழுது வந்ததை அறிந்து அவர்கள் விளக்கேற்றுகின்றனர்.

கதிரவன் மறைந்த நாளில் பூ பொழுதைச் சொல்கிறது. கீழ்மலையிலும் அதுவே நிகழ்கிறது. மழை எந்த நாளில் வந்தது, எவ்வளவு பெய்தது, எப்போது நின்றது என்னும் செய்திகள் அனைத்தும் பத்தாம் நாளில் கிளையில் எழுதப்பட்டிருக்கும். கிளை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் நல்ல மழை. நடுவில் பச்சை மொட்டுகள் நின்றால் குறைமழை. இதழ்கள் விரியாமல் சிவந்து இறுகியிருந்தால் பாதியில் நின்ற மழை. நக்கீரரின் மகளிர் ஒரு மாலையை அறிய அரும்பை நோக்கினர். மலையுழவர் ஓர் ஆண்டை அறிய அரும்பை நோக்குகின்றனர்.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் முதற்பொருளை நிலமும் பொழுதும் என இரண்டாகக் கூறிற்று. குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் உரிமையாக்கி, முன்பனியையும் சேர்த்தது. பின்பனியைப் பாலைக்கு ஒதுக்கியது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். ஆகவே மாசித் திங்களில் மலைமேல் மழைக்குக் காத்திருக்கும் உழவர், நிலத்தால் குறிஞ்சியிலும் பொழுதால் பாலையிலும் நிற்கிறார். புணர்ச்சிக்குரிய நிலத்தில் பிரிவுக்குரிய பொழுது. தொல்காப்பியம் இதனையும் எதிர்பார்த்தே வைத்தது. திணைகள் மயங்குவதைத் தடை செய்யாத அது, நிலங்கள் ஒன்றோடொன்று மயங்குதல் இல்லை என்று மட்டும் வரையறுத்தது. பொழுது பெயர்ந்து வரலாம்; ஆனால் அது வந்து நிற்கும் இடம் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவ்விதியிலிருந்து பெறத்தக்க பாடம்.

கருப்பொருளுக்கும் இது பொருந்தும். மிளகுக்கொடி சங்கப் பாடல்களின் மலையிலேயே படர்ந்தது. அங்கே அதன் பெயர் கறி. காப்பி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளில் தோட்டப் பயிராகப் பரவியது. இன்று கீழ்மலையில் இரண்டும் ஒரே நிழலில் நிற்கின்றன. பழைய கறி புதிய காப்பியின் மேல் நிழல் தரும் மரத்தில் ஏறுகிறது. ஐந்தாறு தலைமுறைகள் உண்டும் உழைத்தும் வாழ்ந்த பின் ஒரு செடியை அயற்செடி என்று கவிதையிலிருந்து விலக்கி வைப்பதற்குக் காரணமில்லை.

தமிழ் நாவல் மலைக்கு முன்பே சென்றுவிட்டது. ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித்தேன் நீலகிரிப் படகர் வாழ்வை அவர்களிடையே சென்று கண்டு எழுதியது. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் எரியும் பனிக்காடு என்னும் பெயரில் தமிழுக்கு வந்த நாவல், ஆனைமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பட்ட துயரைப் பதிவு செய்தது. கவிதையோ பெரும்பாலும் இன்னும் மலையை விடுதியின் சாளரத்திலிருந்தே பார்க்கிறது. அங்கே மழை எப்போதும் அழகானது. மஞ்சு எப்போதும் மெல்லியது. குளிர் எப்போதும் காதலுக்கு உரியது. அல்லது மழை எப்போதும் கண்ணீர். இவ்விரண்டிலும் குறைவது ஒன்றே. அம்மழைக்குத் தேதி இல்லை. அது விழும் இடத்தில் எவர் நிற்கிறார் என்னும் செய்தியும் இல்லை.

மழையைப் பாடுவோர் மழையின் அளவையும் மில்லிமீட்டரையும் பாட்டில் எழுத வேண்டும் என்பது இதன் பொருளன்று. நக்கீரர் அளவு சொல்லவில்லை. ஆனால் கறவை கன்றை உதைக்கும் அளவுக்குக் குளிர் என்றார். அதைக் கண்டவரே அதைச் சொல்ல முடியும். தார்ப்பாயின் கீழ் நுழைத்த கை உணரும் சூடு, உள்ளே பரப்பிய மிளகுக்கு இடம்விட்டு ஓரத்தில் சுருண்டு உறங்கும் குழந்தை, விளக்குகள் மறைந்த சமவெளி, எத்தனையாவது நாள் என்று கணக்கிடும் விரல் ஆகிய இவை ஒவ்வொன்றும் ஒரு மாசி மழையை வேறெந்த மழையோடும் கலக்காமல் காட்டவல்லவை. பருவம் குலையும் காலத்தில் பருவத்தைத் துல்லியமாக அறிவது கவிஞர்க்கு முன்னைவிட இன்றியமையாததாகிறது. எது கார், எது வம்பமாரி என்று அறியாத ஒருவரால் தோழியின் பொய்யையும் எழுத முடியாது. உழவரின் மெய்யையும் எழுத முடியாது.

இவ்வட்டம் கண்ட பத்தாண்டுகள் என்பவை மலையின் கணக்கில் பத்து மாசிகள். அவற்றுள் எந்த ஒன்றும் மற்றொன்றைப் போல் இருந்திருக்காது. அடுத்து வரும் மாசியில் உறுப்பினர் சிலரேனும் கீழ்மலைக்குச் சென்று ஒரு வாரம் தங்குவார்களாயின், பாட்டு கிடைக்கிறதோ இல்லையோ, பார்வை ஒன்று கிடைக்கும். சிறுமழை பெய்தால் நல்லது. பெய்யாவிடின் காத்திருப்போரைக் காணலாம். அதுவும் பின்பனிக்கு உரிய காட்சியே.

ஏழாம் நாள் மாலையில் மழை நின்றதாகக் கொண்டால், எட்டாம் நாள் காலையில் களத்தின் ஈரம் ஆவியாக எழும். கெட்ட மிளகைத் தனியே பிரித்து, தேறியதை மீண்டும் பரப்புவர். பெண்கள் வேலைக்குக் கூப்பிடும் குரலை எதிர்நோக்கி வாசலில் நிற்பர். பத்தாம் நாள் காலையில் தோட்டம் வெளுக்கும். அந்தப் பூவின் பழம் அடுத்த மார்கழியிலும் தையிலும் இதே களத்திற்கு வந்து சேரும். அப்போது அதை உலர்த்தும் நாட்களில் மழை வரலாம், வராமலும் போகலாம். மிளகைப் புரட்டிக்கொண்டிருக்கும் கைகள் அன்றே தார்ப்பாயின் கிழிசலைத் தைத்து, மடித்து, பரணில் எடுத்து வைத்துவிடும்.